சுவரில் பெயின்ட் அடித்தே புரொஜெக்டர் திரை செய்துகொள்ளலாமா? என்ன பெயின்ட் வாங்க வேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். நான்கு வருடமாக எங்கள் வீட்டு மாடி அறையில் அப்படித்தான் படம் பார்க்கிறோம். ஆனால் என்ன பெயின்ட் என்பது இரண்டாவது கேள்வி. சுவர் சமமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

முதல் தடவை நான் அடித்தது வீணாகப் போனது. அழுக்குப் பட்டால் துடைத்துக்கொள்ளலாம் என்று லேசான பளபளப்புள்ள எமல்ஷன் வாங்கி, பழைய பெயின்டின் மேலேயே இரண்டு கோட் அடித்துவிட்டேன். பகலில் பார்க்க அருமையாக இருந்தது. ராத்திரி கிரிக்கெட் மேட்ச் போட்டபோதுதான் தெரிந்தது. பந்து பவுண்டரியை நோக்கி ஓட, கேமரா அதன் பின்னாலேயே திரும்பியது. புல்தரை நகர்கிறது, சுவரின் மேடுபள்ளம் மட்டும் நகராமல் அதே இடத்தில் நிற்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். போதாததற்குத் திரை நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு. நான் நகர்ந்து உட்கார்ந்தால் அதுவும் கூடவே நகர்ந்தது. பளபளப்பான பெயின்ட், கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை ஒரு பக்கமாகவே திருப்பிவிடும். பளபளப்பே இல்லாத மேட் எமல்ஷன்தான் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். திரை விற்பவர்கள் 'கெயின் 1.0' என்று போடுவது வெள்ளை மேட் பரப்பு திருப்பித்தரும் வெளிச்சத்தைத்தான். நல்ல வெள்ளை மேட் எமல்ஷன் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். அலுமினியப் பெயின்ட் கலந்தால் 'வெள்ளித்திரை' ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம். அந்த நடுத்திட்டு இன்னும் மோசமாகும்.

இரண்டாவது தடவை எங்கள் தெரு பெயின்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். அறையை இருட்டாக்கச் சொன்னார். நீள வயரில் ஒரு பல்பை மாட்டி, "லைட்டைச் சுவரை ஒட்டிப் பிடிங்க தம்பி" என்றார். பிடித்தேன். வழவழப்பு என்று நான் நினைத்திருந்த சுவரில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுந்தது. பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். எண்ணிப் பார்க்க முடியாத அளவு வட்டங்கள். பிறகு இரண்டு கை பட்டி பார்த்து, காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 320 நம்பர். தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு கோட் பிரைமர். பட்டி பெயின்டை உறிஞ்சும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு மாதிரி. பிரைமரை விட்டுவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அளவைப் பார்ப்போம். 16:9 படத்துக்கு, மூலைக்கு மூலை 100 அங்குலத் திரை என்றால் அகலம் 87 அங்குலம், உயரம் 49 அங்குலம். மொத்தம் சுமார் 30 சதுர அடிதான். ஒரு லிட்டர் பெயின்டில் இரண்டு மூன்று கோட் அடித்தும் மிஞ்சும். அதனால் பெயின்டில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். முடி குட்டையான ரோலர் வாங்குங்கள். பிரஷ் கோடு விழும். அடிக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பெயின்ட் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ரோலர் பட்டால் தடம் அப்படியே நின்றுவிடும். கடைசிக் கோட்டை மேலிருந்து கீழாக ஒரே போக்கில் ஓட்டி முடித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

வெள்ளையா, சாம்பலா? புரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது. படத்தில் கறுப்பு வரும் இடத்தில் வெளிச்சம் விழாது, அவ்வளவுதான். அங்கே தெரிவது உங்கள் சுவர். அறையை நன்றாக இருட்டாக்க முடியும் என்றால் வெள்ளையே போதும். சுற்றிலும் வெள்ளைச் சுவர் இருந்து, புரொஜெக்டருக்கும் வெளிச்சம் தாராளமாக இருந்தால் வெளிர் சாம்பல் கைகொடுக்கும். திரையிலிருந்து சுவர்களுக்குப் போய்த் திரும்பி வரும் வெளிச்சம் குறையும். ஆனால் சாம்பல், வெள்ளையையும் சேர்த்தே மங்க வைக்கும். நீலமோ பச்சையோ ஓடாத சாம்பலாகப் பாருங்கள். ஷேட் கார்டில் சாம்பல் என்று இருப்பதில் பாதி நீலம் கலந்ததுதான். அதில் மனித முகங்கள் வெளிறிப்போகும். வெள்ளையிலும் கிரீம் ஓடாததாக எடுங்கள். என்னைக் கேட்டால், சாம்பலுக்கு அலைவதைவிட ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலையும் கூரைக்கு அடர் நிறமும் பலமடங்கு பலன் தரும். எங்கள் கூரையை அடர் பழுப்பாக்கிய அன்று, புதுப் புரொஜெக்டர் வாங்கினாயா என்று என் தங்கை கேட்டாள்.

திரையைச் சுற்றி மூன்று அங்குலத்துக்கு மேட் கறுப்பில் பார்டர் அடித்தே ஆக வேண்டும். மாஸ்கிங் டேப்பை விரல் நகத்தால் நன்றாக அழுத்தி ஒட்டி, பெயின்ட் முழுதாகக் காய்வதற்குள் உரித்துவிடுங்கள். படத்தின் ஓரத்தில் கசியும் வெளிச்சத்தைக் கறுப்பு விழுங்கிவிடும். படமும் பளிச்சென்று எடுப்பாகத் தெரியும்.

இரண்டு இடத்தில் மட்டும் இந்த வேலைக்குப் போகாதீர்கள். ஒன்று, மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர். உப்புப் பூத்து எல்லாம் உரிந்துவிடும். இன்னொன்று, சுவரை ஒட்டி ஸ்டாண்டில் வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டர். அது கீழிருந்து சாய்வாக வெளிச்சம் அடிக்கும். பெயின்டர் அண்ணன் பல்பை வைத்துக் காட்டினாரே, அதே கதைதான்: முடி அளவு மேடும் நிழலாக விழும். அதற்குத் தனித்திரை வாங்குங்கள்.

பட்டி வேலை தொடங்கும் முன் புரொஜெக்டரை நிரந்தரமாக வைக்கப்போகும் இடத்திலேயே வைத்து, இரண்டு மூன்று நாள் வெறும் சுவரில் படம் பாருங்கள். கோணலாக விழும் படத்தை நேராக்கிக் காட்டும் கீஸ்டோன் வசதியைத் தொடாமல், படம் நேராக விழும்படி புரொஜெக்டரையே நகர்த்துங்கள். சோபாவில் உட்கார்ந்து கழுத்து வலிக்காத உயரம் எது என்று பார்த்துவிட்டு, நான்கு மூலையிலும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.