‘லைஃப்டைம்’ கியர் ஆயில்: மாற்றுங்கள், ஆனால் மெஷினில் வேண்டாம்

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடையது எட்டு வருடமான ஆட்டோமேட்டிக் கார், ஆறு கியர், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் மணலி வழியாக மாதவரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார். சர்வீஸ் சென்டரில் கேட்டால் கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம், தொடவே வேண்டாம் என்கிறார்களாம். அபார்ட்மென்டில் நடந்த இலவச செக்-அப் கேம்ப்பில் ஒருவர் பானட்டைத் திறந்து, டிஷ்யூ பேப்பரில் ஆயிலைத் தொட்டுக் காட்டி, கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது, உடனே மெஷின் வைத்து, அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளி மாற்றும் ஃபிளஷ் செய்யாவிட்டால் கியர்பாக்ஸே போய்விடும், 18,000 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார். ‘யார் சொல்வதை நம்புவது சார்? இதே மாதிரி லைஃப்டைம் என்று சொல்கிற மற்றதையும் மாற்ற வேண்டுமா?’ என்பது கேள்வி. மாடல் பெயரையும் மேனுவல் பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார், அது ரொம்ப உதவியாக இருந்தது.

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். ஆயிலை மாற்றுங்கள். மெஷினில் வேண்டாம், பழையதை வடித்துவிட்டு அதே அளவு புதியதை ஊற்றும் முறையில் மாற்றுங்கள். வண்டி இழுப்பு, கியர் விழுவது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை, ஒரு மாதத்துக்குள் செய்தால் போதும்.

முதலில் அந்த டிஷ்யூ பேப்பர். உங்கள் மாடல் கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக்கே, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியே, கிடையாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றினால் ஒழிய அந்த ஆயில் ஒரு சொட்டுகூட வெளியே வராது. பானட்டைத் திறந்து நின்றபடி அவர் தொட்டுக் காட்டியது உங்கள் இன்ஜின் ஆயில். இன்ஜின் ஆயில் ஊற்றிச் சில ஆயிரம் கிலோமீட்டரில் கறுக்கத்தான் செய்யும், அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. கியர்பாக்ஸ் ஆயிலாகவே இருந்தாலும் நிறத்தை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது, சிவப்பாக ஊற்றியது பழுப்பாவது சகஜம். கருகின வாடை அடித்தால்தான் கவலை. இந்த மாதிரி கேம்ப் ஆட்கள் பலருக்குச் சம்பளத்தைவிடக் கமிஷன் பெரிதாக இருக்கலாம், எத்தனை ஃபிளஷ் பிடித்துத் தருகிறார்கள் என்பதை வைத்து. இலவசமாகப் பார்க்கிறேன் என்று வருகிறவரிடம் பானட் லீவரை இழுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, லைஃப்டைம் என்ற வார்த்தைக்கு வருவோம். அந்த ‘லைஃப்’ யாருடையது, எத்தனை வருடம் என்று பெரும்பாலான மேனுவலில் தேடினாலும் கிடைக்காது. உங்கள் ஆர்.சி.க்கு 15 வருடம், அதற்குப் பிறகும் புதுப்பித்து ஓட்டலாம் என்று அரசாங்கம் சொல்கிறது. நீங்கள் அந்த வண்டியைப் பிள்ளை காலேஜ் போகும்வரை வைத்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். கம்பெனி நினைப்பது வேறு. முதல் ஆள் வண்டியை வைத்திருக்கும் காலம், வாரன்டி முடியும் காலம், அதற்குள் பிரச்சினை வராமல் இருந்தால் அவர்கள் கணக்கில் அந்த ஆயில் வாழ்நாள் முழுக்க உழைத்துவிட்டது. சர்வீஸ் அட்டவணையில் ஒரு பெரிய செலவு குறைந்தால் ‘பராமரிப்புச் செலவு குறைவு’ என்று விளம்பரத்தில் போடவும் வசதி. ஆனால் அதே கியர்பாக்ஸைச் செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தருகிறது. கார்க்காரர்கள் லைஃப்டைம் என்று எழுதி விற்ற பெட்டிகளுக்கே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றுங்கள் என்பது அவர்களுடைய ஆலோசனை. செய்தவன் மாற்று என்கிறான், வாங்கி மாட்டி விற்கிறவன் வேண்டாம் என்கிறான். இருபது வருடத்துக்கு மேல் பட்டறையில் இருந்தும் எனக்கு இந்தக் கோபம் ஆறவில்லை.

உங்கள் மேனுவல் படத்திலேயே கீழே சின்ன எழுத்தில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, பார்த்தீர்களா? நின்று நின்று போகும் போக்குவரத்து, தூசி, கடும் வெயில், குறைந்த தூர ஓட்டம். படித்தபோது எனக்கு மணலி சாலையில் சாத்தாங்காட்டிலிருந்து எம்.எஃப்.எல். சந்திப்பு வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்பதுதான் கண்ணில் வந்தது. நம் பக்கத்துக் காருக்கு இது விதிவிலக்கான ஓட்டம் இல்லை, தினசரி ஓட்டமே இதுதான். டார்க் கன்வெர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே ஆயிலையே சுழற்றிச் சக்தியைக் கடத்துகிற பாகம். வண்டி நின்று நின்று ஊரும்போது அந்த ஆயில் உள்ளேயே கடைபட்டுச் சூடேறுகிறது, முன்னால் காற்றோட்டமும் இல்லை. பத்து டிகிரி கூடுதலாகச் சூடானால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆயில்காரர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் கணக்கு. ஹைவேயில் ஓடிய 82,000-மும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்த 82,000-மும் மீட்டரில்தான் ஒன்று.

அப்புறம், பழைய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் ஸ்லிப் ஆக, அதாவது கியர் பிடிக்காமல் வழுக்க, ஆரம்பிக்கும் என்று உங்களுக்கு யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஏற்கெனவே உள்ளே பிளேட் தேய்ந்து ஸ்லிப் ஆகிக்கொண்டிருக்கும் வண்டியைக் கடைசி வைத்தியமாக ஆயில் மாற்றக் கொண்டுவருகிறார்கள், மாற்றியும் அது சரியாவதில்லை, பழி ஆயில் மேல் விழுகிறது. உங்கள் வண்டி அந்த நிலையில் இல்லை. மெஷின் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. அது அழுத்தம் கொடுத்து ஆயிலைத் தள்ளும்போது, வருடக்கணக்காக ஓர் ஓரத்தில் சும்மா படிந்து கிடந்த துகள் கிளம்பி, ஆயிலைப் பிரித்து அனுப்பிக் கியர் மாற்றவைக்கும் வால்வு பாடியின் மெல்லிய வழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும் அபாயம் இருக்கிறது. போன வருடம் ஒரு வாடிக்கையாளர் வேறொரு இடத்தில் ஃபிளஷ் செய்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருக்கிறது என்றார். கழற்றிப் பார்த்தால் துகளும் இருந்தது, ஊற்றியிருந்த ஆயிலும் அந்தப் பெட்டிக்கு உரியது இல்லை, எல்லா வண்டிக்கும் பொது என்று எழுதியிருந்த ஏதோ ஒன்று.

வடித்து ஊற்றும் முறையில் ஒரே தடவையில் முழுசாக மாறாது. உங்கள் மாதிரிப் பெட்டியில் மொத்தம் ஆறு ஏழு லிட்டர் இருந்தால் பிளக்கைக் கழற்றும்போது பாதியோ அதற்குச் சற்றுக் கூடவோதான் இறங்கும், மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் இப்போது ஒரு தடவை, ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை. இரண்டாவது முறை முடியும்போது உள்ளே இருப்பதில் முக்கால் பங்கு புதியது. இது போதும். எந்த ஆயில் என்பதில் மட்டும் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்காதீர்கள், மேனுவலில் என்ன ஸ்பெசிஃபிகேஷன் இருக்கிறதோ அதே பெயர் டப்பாவின் மேல் இருக்க வேண்டும், ‘இதுவும் அதே மாதிரிதான் சார்’ என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும், காலி டப்பாக்களை நீங்களே வாங்கிக்கொண்டு, கீறிவிட்டுக் குப்பையில் போடுங்கள், முழுசாகக் கொடுத்தால் அதே டப்பா போலி ஆயிலோடு வேறு எங்காவது திரும்பி வரும்.

அளவு பார்ப்பதில்தான் நல்ல மெக்கானிக் யார் என்று தெரியும். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில், வண்டி சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் செக் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தச் சூடு பெரும்பாலும் 35-லிருந்து 50 டிகிரிக்குள், மாடலுக்கு மாடல் மாறும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டினால் தெரியும். ஸ்கேனர் இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்து ‘ஓகே சார்’ என்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அரை லிட்டர் குறைந்தாலும் கியர் விழுவது மாறும்.

இந்த இடத்தில் ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இதில்தான் நம் ஆட்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். கிளட்ச் பெடல் இல்லாத எல்லாக் காரையும் ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். 2014-இல் மாருதி செலெரியோவில் வந்த பிறகு நம் ஊரில் பரவிய ஏ.எம்.டி. வேறு ஜாதி. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், சாதாரண கிளட்ச் பிளேட்தான், கால் செய்ய வேண்டிய வேலையையும் கை செய்ய வேண்டிய வேலையையும் ஆக்சுவேட்டர் என்ற ஓர் இயக்கி செய்கிறது. அதில் டார்க் கன்வெர்ட்டரே இல்லை, ஆட்டோமேட்டிக் ஆயிலும் இல்லை, இருப்பது இரண்டு லிட்டர் சொச்சம் மேனுவல் கியர் ஆயில். சில மாடல்களில் ஆக்சுவேட்டருக்கென்று தனியாகக் கொஞ்சம் ஹைட்ராலிக் ஆயில் இருக்கும், அதற்கும் கியர் ஆயிலுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த வண்டிக்கு ஆட்டோமேட்டிக் ஃபிளஷ் என்று பதினைந்தாயிரம், இருபதாயிரம் பில் போட்டதை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஃபிளஷ் செய்ய அங்கே என்ன இருக்கிறது? உங்கள் கியர் லீவர் பக்கத்தில் பார்க்கிங்குக்கான ‘பி’ எழுத்து இல்லை என்றால் அது பெரும்பாலும் ஏ.எம்.டி. அப்படியென்றால் மேனுவல் வண்டிக்கு மாற்றுகிற மாதிரி கியர் ஆயிலை வடித்து ஊற்றினால் வேலை முடிந்தது. வண்டி மேட்டில் நடுங்கினால் அது ஆயில் கோளாறு இல்லை, கிளட்ச் தேய்ந்திருக்கலாம், அதை ஆயில் டப்பாவால் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாசகரின் வண்டி இது இல்லை, ஆனால் படிக்கிறவர்களில் பலரின் வண்டி இதுவாக இருக்கலாம் என்பதால் சொன்னேன். சி.வி.டி., டி.சி.டி. என்று இன்னும் இரண்டு வகை ஆட்டோமேட்டிக் உண்டு, அந்த வண்டிகளுக்கு ஆயிலே வேறு, மேனுவல்படி போங்கள்.

மற்றவற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூலன்ட்டை ‘லாங் லைஃப்’ என்பார்கள், உங்களுக்கு எட்டு வருடம் ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள். உறையாமல் காக்கும் குணம் அப்படியே இருக்கும், துரு பிடிக்காமல் காக்கும் மருந்துதான் முதலில் தீர்ந்துபோகும், அது கண்ணுக்குத் தெரியாது. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், நிறத்துக்கு எந்த விதியும் கிடையாது. கலந்து ஊற்ற வீட்டு போர் தண்ணீரைத் தொடவே கூடாது. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் உப்பு ஏறிக் கிடப்பது நம் வாய்க்கே தெரியும், அந்த உப்பு அலுமினிய ரேடியேட்டரைச் சல்லடையாக்கிவிடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும், உப்பு நீக்கிய டி.எம். வாட்டர் அல்லது கலந்தே வரும் கூலன்ட் போதும்.

பிரேக் ஆயில் எந்தக் காலத்திலும் லைஃப்டைம் இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடலாம். கடற்கரை ஓரம் இருக்கிறோம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம்.

டைமிங் செயின், வீல் பேரிங் இரண்டையும் சும்மா மாற்றாதீர்கள். செயின் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடத்தால் பார்க்கலாம், இன்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். பேரிங் ஊளையிட்டால் மாற்றினால் போதும். பவர் ஸ்டீயரிங் ஆயில் டாப்-அப் என்று பில்லில் ஒரு வரி வந்தால், உங்களுடையது எலெக்ட்ரிக் ஸ்டீயரிங், அதில் ஆயிலே கிடையாது என்று சொல்லி அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி சக்கரத்துக்கு மேல் நின்றிருந்தால் மேலே சொன்ன கிலோமீட்டர் கணக்கு எதுவும் செல்லாது. கியர்பாக்ஸின் மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம், ஆயில் டீயில் பால் கலந்த மாதிரி ஆகியிருக்கும். உடனே பார்க்க வேண்டும்.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, வாகனங்களும் அதில் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் செக் பிளக்கை எத்தனை டிகிரியில் திறப்பது என்ற ஒரு எண்ணுக்காக நான் இன்றைக்கும் நாலு பேருக்கு போன் போடுகிறேன். காசு கொடுத்து வண்டி வாங்கியவருக்கு அந்த எண்ணைத் தர ஏன் இத்தனை தயக்கம்? லைஃப்டைம் என்று சர்வீஸ் சென்டரில் சொல்வதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், எத்தனை வருடம் என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஏமாற்று பில் என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் பதியலாம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வடித்த ஆயிலை அளவு போட்ட கேனில் ஊற்றி எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கியர்பாக்ஸின் அடித்தட்டை (ஆயில் பேன்) கழற்றினால் உள்ளே சின்னச் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும், மேலே விபூதியைக் குழைத்துப் பூசிய மாதிரி சாம்பல் பசை. விரலால் தேய்த்துப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். மண் மாதிரி நெருநெருத்தாலோ, ஊசி மாதிரிச் செதில் மினுங்கினாலோ, புது ஆயிலை ஊற்றுவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.