சிறுநீரகம் கொடுக்கும் மாமியாரே துணைக்கும் இருக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மாமியார் சிறுநீரகம் தர ஒப்புக்கொண்டார். சேலத்தில் ஆபரேஷன். நானும் மாமியாருமாகப் பார்த்துக்கொள்வோம் என்றிருக்கிறோம். போதுமா? – வாசகி, பாலக்கோடு

போதாது. அன்றைக்கு உங்கள் மாமியாரும் ஒரு நோயாளிதான். நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஏறத்தாழ ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. வயிற்றில் தையல் போட்ட இடம் பிதுங்கிவிடும். அவருக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும். கல்யாணத்துக்குச் சொல்வதுபோல உறவினர் எல்லாரும் "வந்துடறோம்" என்பார்கள். யார், எந்த வாரம் என்று காலண்டரில் பெயர் எழுதிவிடுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் முறை வந்தாலும் வரக்கூடாது என்பதால், மாற்றாள் ஒருவரும் இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று மாதம் அடிக்கடி ரத்தப் பரிசோதனை இருக்கும். பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் போய்வர நினைக்காமல், மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை பாருங்கள்.

தாய் நெருங்கிய உறவு என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் உறவை நிரூபிக்க வேண்டும். ஆதாரில் 'முனியம்மா', ரேஷன் கார்டில் 'முனியம்மாள்' என்று இருந்தாலே ஃபைல் நின்றுவிடும். இப்போதே திருத்துங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் காப்பீட்டு அலுவலரிடம் காட்டி, அது செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். கணவருக்குச் சொத்தைப் பல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். பிறகு அது கிருமிக்கு வாசலாகும்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் கூட இருப்பவர் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்? – வாசகர், காவேரிப்பட்டணம்

மாத்திரை நேரத்தை. உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் தடுக்கும் மாத்திரையான டாக்ரோலிமஸ் 12 மணி நேர இடைவெளியில், காலை 8 என்றால் இரவும் 8. ரத்தப் பரிசோதனை நாளில் மட்டும் காலை மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்தபின் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டாக்டர் டோஸைக் குறைத்தால், உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கலாம். வயிற்றுப்போக்கிலும் மருந்தின் அளவு ஏறும், உடனே சொல்லுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள்.

இன்னொன்று: டயாலிசிஸ் காலத்தில் தண்ணீரை டம்ளர் கணக்கில் கொடுத்துப் பழகிய வீட்டார், பிறகும் கை வராமல் குறைத்தே கொடுக்கிறார்கள். புதுச் சிறுநீரகத்துக்குத் தண்ணீர் தேவை. டாக்டர் சொன்ன அளவைக் கொடுங்கள். தினமும் காலை எடை, பிரஷர், காய்ச்சல், சிறுநீர் அளவு நான்கையும் நோட்டில் எழுதுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டாலோ, ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றிரவே போன் செய்யுங்கள். தலைவலிக்கு டைக்ளோஃபெனாக், நாட்டு மருந்துக் கடைச் சூரணம் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: மாடு இருக்கிறது. எப்போது தொழுவத்துக்குப் போகலாம்? – வாசகர், ஊத்தங்கரை

டாக்டர் அனுமதிக்கும்வரை சாணி, வைக்கோல் தூசு, கோழிக்கூண்டு எதுவும் கூடாது. அவற்றிலுள்ள பூஞ்சை நுரையீரலுக்குள் போய்விடும். பாலைப் பொங்கவிட்டே குடிக்கக் கொடுங்கள். கறவையை மூன்று மாதத்துக்கு யாரிடமாவது ஒப்படைப்பது நல்லது.