பன்னிரண்டு கினிக்கு ஒரு குதிரைக்குட்டி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். மரக்கம்பிப் பட்டிக்குள் ஒரு செவலைக் குட்டி, பின்பக்கத்தில் ஏல எண் ஒட்டிய காகிதம். தென் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரின் நியூ ஃபாரஸ்ட் காட்டில், பியூலி ரோடு ஏலக்களத்தில் எடுத்தது. இந்தக் குட்டி பன்னிரண்டு கினிக்கு, அதாவது 12 பவுன் 60 பென்ஸுக்குப் போனது என்று கீழே எழுதியிருந்தேன். நான் இந்தப் பக்கத்தில் பதினாறு வருடமாகக் குதிரை மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்க்கிறேன். வீட்டிலும் இரண்டு மட்டக்குதிரைகள். படத்துக்குக் கீழே வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

சென்னை: நாய்க்குட்டியை விடக் குறைந்த விலைக்குக் குதிரையா? நம்பவே முடியலக்கா.

நம்பித்தான் ஆகணும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வந்த ஐந்தாறு வருடங்கள் மிக மோசம். 2012இல் இங்கிலாந்தின் பெரிய விலங்கு நல அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். ஏலங்களில் 5 பவுனுக்கெல்லாம் குதிரை கைமாறுகிறது, ஆயிரக்கணக்கான குதிரைகள் கைவிடப்படும் நிலையில் இருக்கின்றன என்று அதில் சொன்னார்கள். அப்போது இங்கே ஒரு மூட்டைக் குதிரைத் தீவனமே அதை விட அதிகம். அயர்லாந்தில் இன்னும் கொடுமை. காசு புழங்கிய காலத்தில் பந்தயக் குதிரைக் குட்டிகள் மட்டுமே வருடத்துக்கு 12,000க்கு மேல் பிறந்தன. சரிவு வந்ததும் அவற்றை வாங்க ஆளில்லை. அந்த வெள்ளம் மட்டக்குதிரைச் சந்தையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது.

கொரோனா நேரத்தில் எல்லாரும் வீட்டில் இருந்ததால் விலை ஏறியது. பிறகு விலைவாசி ஏறவும் மறுபடி இறங்கியது.

கினி என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். 1 பவுன் 5 பென்ஸ். அந்த நாணயம் எப்போதோ போய்விட்டது, குதிரை ஏலம் மாதிரிச் சில இடங்களில் மட்டும் வாய்வழக்கில் இருக்கிறது.

கோயம்புத்தூர்: நட்டம்னு தெரிஞ்சும் ஏன் குட்டி போட விடறாங்க? எங்க ஊர்ல மாடு வளக்கறவங்க இப்படிச் செய்ய மாட்டாங்களே.

நல்ல கேள்வி தம்பி. எல்லாம் இதில்தான் இருக்கிறது.

நியூ ஃபாரஸ்ட் குதிரைகள் காட்டுக் குதிரைகள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. காட்டை ஒட்டிய சில நிலங்களுக்கு மேய்ச்சல் உரிமை பரம்பரையாக ஒட்டிக்கொண்டே வரும். அந்த நிலம் வைத்திருப்பவர்களை காமனர் என்பார்கள். முதலாம் வில்லியம் மன்னர் 1079 வாக்கில் இதை வேட்டைக்காடாக்கியதிலிருந்து தொடரும் வழக்கம். காமனர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டால் அவை வருடம் முழுக்கத் தாமாகவே மேயும். வெர்டரர் என்ற நிர்வாகக் குழுவுக்கு வருடாவருடம் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். கட்டியாச்சு என்பதற்கு அடையாளமாக, அஜிஸ்டர் எனப்படும் மேய்ச்சல் காவலர் குதிரையின் வால்மயிரைப் படிக்கட்டு மாதிரி வெட்டிவிடுவார். எந்தப் பகுதிக் குதிரை என்பதை அந்த வெட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

உங்கள் ஊர் மாட்டுக்காரர் சினைக்குப் போடுவது ஒரு முடிவு. செலவு உண்டு, யோசனை உண்டு. மந்தையோடு பொலிக்குதிரை, அதாவது காயடிக்காத ஆண்குதிரை, திரிகிற இடத்தில் குட்டி பிறப்பதற்கு யாரும் முடிவெடுக்க வேண்டாம். பிறக்காமல் இருக்கத்தான் முடிவெடுக்கணும்! பதினொரு மாதச் சினை. ஈன்ற பத்து நாளுக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஒரு பொலி ஒரு கோடைக்கு இருபது முப்பது பெண்குதிரைகளைச் சினையாக்கும். பிறந்த குட்டிக்கு மே முதல் அக்டோபர் வரை தாய்ப்பாலும் காட்டுப் புல்லும். சொந்தக்காரர் கையிலிருந்து ஒன்றும் போகாததால் குட்டி இனாம் என்று தோன்றும்.

இனாம் இல்லை. விற்கணும் என்றால் குதிரைக்குப் பாஸ்போர்ட் என்ற அடையாளப் புத்தகம் வேண்டும், 2009க்குப் பிறகு கழுத்தில் மைக்ரோசிப்பும் போடணும். வண்டிவாடகை, ஏலத் தரகு வேறு. பன்னிரண்டு கினிக்கு விற்றவர் கையிலிருந்து போட்டுத்தான் விற்றிருக்கிறார். இதோடு, மேய்ச்சல் மானியத்தை விலங்குகளின் எண்ணிக்கையோடு கோத்த காலமும் ஒன்று இருந்தது. தலை கூடினால் பணம் கூடும் என்றால் யார் குறைப்பார்கள்? இதைக் காமனர்களே என்னிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள். குதிரைமேல் உயிரையே வைத்திருக்கிற ஆட்கள் அவர்கள். நான் சொல்வது அவர்களைக் குறைசொல்வதாக ஆகிவிடக் கூடாது.

லீட்ஸ்: மகளுக்கு ஒன்பது வயது. குதிரை குதிரை என்று உயிரை எடுக்கிறாள். இவ்வளவு மலிவு என்றால் ஒரு குட்டி வாங்கிக் கொடுக்கலாமா? தோட்டம் பெரியது.

வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் கதையைக் கேளுங்கள்.

2011 அக்டோபரில் நானும் இப்படித்தான் போனேன், வேடிக்கை பார்க்க. வளையத்துக்குள் ஒரு செவலை ஆண்குட்டி வந்தது. காலையில்தான் தாயிடமிருந்து பிரித்திருக்கிறார்கள். பட்டியின் அந்தக் கோடியிலிருந்து தாய் கத்துகிறது, இது நின்று காதைத் திருப்பிக் கேட்கிறது. உடம்பெல்லாம் பஞ்சு மாதிரிக் குளிர்கால மயிர், விலா தெரியவில்லை. பார்த்தால் கொழுகொழுவென்று இருந்தது. ஏலக்காரர் ஐம்பதில் ஆரம்பித்தார். இறங்கி இறங்கிப் பத்துக்கு வந்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. நான் கையைத் தூக்கிவிட்டேன். பன்னிரண்டு கினி, 12 பவுன் 60 பென்ஸ்.

அன்றைக்கே வண்டிக்கு 40 பவுன். வீட்டில் இறக்கி, மயிருக்குள் விரல்விட்டுப் பார்த்தேன். பஞ்சுக்கடியில் வெறும் எலும்பு. சாணப் பரிசோதனையில் புழு முட்டை எண்ணிக்கை பயமுறுத்தியது. தலைக்கயிறே கண்டிராத குட்டி. பக்கத்தில் போய்க் கழுத்தைத் தொட எனக்கு ஏழு வாரம் ஆனது. தினமும் ஒரு மணி நேரம் பட்டிக்குள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அடுத்த வசந்தத்தில் காயடிக்க வாங்கிய விலையைப் போல் பல மடங்கு. அதுவும் மருத்துவமனை ஊழியர் என்பதால் எனக்குச் சலுகை விலை. லாடக்காரர் ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து குளம்பைச் செதுக்கணும். தடுப்பூசி, பல் அராவுவது, காய்ந்த புல், மேய்ச்சல் வாடகை எல்லாம் சேர்ந்தால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் போகும். மட்டக்குதிரை முப்பது வயது வரைகூட இருக்கும். உங்கள் மகள் நாற்பதை நெருங்கும்போதும் அது உயிரோடு இருக்கலாம்.

நாலு வயசுக்கு முன்னால் அதன்மேல் ஏறவும் முடியாது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு, பழக்காத குட்டி ஆபத்தும்கூட. தோட்டத்தில் வைக்கவும் முடியாது. ஒரு குதிரைக்கு ஒன்று ஒன்றரை ஏக்கர் புல் வேண்டும், துணைக்கு இன்னொரு குதிரை வேண்டும். தனியாக விட்டால் அது வாடிப் போகும்.

மகளைப் பக்கத்துச் சவாரிப் பள்ளிக்கு வாரம் ஒருநாள் அனுப்புங்கள். இரண்டு குளிர்காலம் மழையிலும் சேற்றிலும் சாணம் அள்ளிவிட்டு அப்போதும் "குதிரை" என்றால், பன்னிரண்டு வயது தாண்டிய, பழகிய, காயடித்த மட்டக்குதிரை ஒன்றைக் காப்பகத்திலிருந்து எடுக்கலாம். என்னைக் கூப்பிடுங்கள், நானே கூட வந்து பார்க்கிறேன்.

மதுரை: பெண்குட்டிக்கு விலை கூடவா, ஆணுக்கா?

பெண்ணுக்கு. வாங்குபவர் அதைத் திரும்பக் காட்டில் விட்டு வம்சம் வளர்க்கலாம். ஆண் என்றால் காயடிப்புச் செலவு தலையில் நிற்கிறது.

திருச்சி: முன்னாடியும் இதே அளவு குட்டி பிறந்திருக்குமே. அதெல்லாம் எங்கே போச்சு?

வேலைக்குப் போனது. 1842இல் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களும் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்யக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. குழந்தைகள் இழுத்த நிலக்கரித் தொட்டியை இழுக்க அப்புறம் யார்? ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்தும் வேல்ஸ் மலைகளிலிருந்தும் மட்டக்குதிரைகள் போயின. 1913 வாக்கில் சுமார் 70,000 குதிரைகள் பிரிட்டிஷ் சுரங்கங்களில் இருந்தன. பல அங்கேயே லாயத்தில் தூங்கி, அங்கேயே கிழடானவை. மேலே பால்வண்டி, காய்கறி வண்டி. அப்புறம் எந்திரம் வந்தது, லாரி வந்தது. 1950களுக்குப் பிறகு குழந்தைகள் சவாரி கொஞ்சம் தாங்கியது. தேவை ஒவ்வொன்றாகச் செத்தது, பொலிக்குதிரை மட்டும் மந்தையிலேயே நின்றது.

பிரிஸ்டல்: டார்ட்மூர் குதிரை அழிந்துவருகிறது என்று படித்தேன். நீங்கள் அதிகம் பிறக்கிறது என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. பலர் குழம்புவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டெவன் மாவட்டத்து டார்ட்மூர் மேட்டில் 1950இல் 30,000 இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது ஒன்றிரண்டாயிரம் அளவுதான். அதற்கு வடக்கே உள்ள எக்ஸ்மூர் மேட்டின் குதிரை இனம் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐம்பதை ஒட்டி வந்துவிட்டது. ஆக மந்தை சிறியது, காப்பாற்ற வேண்டியது. ஆனால் அந்தச் சிறிய மந்தையிலேயே வருடாவருடம் பிறக்கும் குட்டிகளுக்குப் போக்கிடம் இல்லை. குட்டி விற்காத விவசாயி என்ன செய்வார்? பெண்குதிரைகளையே மேட்டிலிருந்து எடுத்துவிடுவார். விலை விழுந்தால் குட்டி மட்டும் சாவதில்லை. அந்த மேட்டில் பனியையும் மழையையும் தாங்கி, எந்தப் பள்ளத்தில் புல் கிடைக்கும் என்று அறிந்த தாய்வழியும் அறுந்துபோகும். வெளியிலிருந்து ஒரு குதிரையைக் கொண்டுவந்து விட்டால் அது முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதே கஷ்டம்.

அதனால்தான் சொல்கிறேன், குதிரை அதிகமாகிவிட்டது என்று யாராவது பேசினால் திருத்துங்கள். அதிகமானது வீடில்லாத குட்டி.

சிங்கப்பூர்: அப்போ தீர்வு? கருத்தடையா?

டார்ட்மூரில் ஊசிவழிக் கருத்தடை முயன்றிருக்கிறார்கள். நியூ ஃபாரஸ்ட் இன்னும் எளிமையாகச் செய்தது. பொலிக்குதிரைகளைத் தேர்ந்தெடுத்து, இருபதுக்கும் கீழே குறைத்து, கோடை ஆரம்பத்தில் சில வாரம் மட்டும் காட்டில் விட்டார்கள். மற்ற நாளெல்லாம் அவை வேலிக்குள். இரண்டு மூன்று வருடத்தில் ஏலத்துக்கு வரும் குட்டிகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன, நல்ல குட்டி நூறு கினியைத் தாண்டியது. இதைச் செய்ய எதிர்ப்பு இருந்தது. தன் பெண்குதிரை அந்த வருடம் வெறுமையாக இருப்பதைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? இருந்தும் செய்தார்கள். அவர்களை நான் மதிக்கிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியாவை ஒட்டி அசட்டீக் தீவு. அங்கேயும் இதே மாதிரி அவிழ்த்துவிட்ட மட்டக்குதிரைகள். பக்கத்துச் சின்கட்டீக் தீவின் தன்னார்வத் தீயணைப்புக் குழு வைத்திருக்கும் மந்தை 150க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. ஜூலையில் குதிரைகளை நீந்தவைத்துக் கரைக்குக் கொண்டுவந்து குட்டிகளை ஏலம் விடுவார்கள், ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். சில குட்டிகளை விலை கொடுத்து வாங்கி, தீவுக்கே திருப்பி விட்டுவிடுவார்கள் வாங்கியவர்கள். எத்தனை விற்கும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு மந்தை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. முள்புதரையும் முரட்டுப் புல்லையும் மேய்ந்து நிலத்தைத் திறந்துவிட இந்தக் குதிரைகள் கெட்டி. 2015இல் செக் நாட்டு மிலோவிட்சேயில், பழைய ராணுவப் பயிற்சி நிலத்துக்கு எக்ஸ்மூர் குதிரைகள் போயின. இப்போது அங்கே பூவும் பட்டாம்பூச்சியும் திரும்பிவிட்டன.

ஸ்கார்பரோ, கனடா: அக்கா, எங்கட நெடுந்தீவுக் குதிரையளையும் இப்பிடி ஏலத்தில விடேலாதோ? வறட்சியில சாகிறதைப் பாக்க ஏலாமக் கிடக்கு.

உங்கள் வேதனை புரிகிறது தம்பி. ஆனால் இது வேறு கதை. இலங்கையில் யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவில், போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் வளர்த்து விட்டுப்போன குதிரைகள் அவை. இன்று தனி ஆள் யாருக்கும் சொந்தமில்லை. ஏலம் விட்டு அங்கே சந்தையை உண்டாக்கினால், நாளைக்கு விற்பதற்கென்றே பிடிக்க ஆள் வருவார்கள். அவற்றுக்கு இப்போது வேண்டியது தண்ணீர். கோடையில் தொட்டிகள் நிரம்பி இருக்கிறதா என்று ஊரில் உள்ளவர்களைக் கேட்டு, அதற்கு உதவுங்கள்.

லண்டன்: விற்காத குட்டியை என்ன செய்வார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அதன் இறைச்சி மிருகக்காட்சி சாலைக்குப் போயிருக்கிறது. எழுதவே கை நடுங்குகிறது, ஆனாலும் உண்மை அதுதான். உயிரோடு ஐரோப்பாவுக்கு ஏற்றி அறுப்பதைத் தடுக்க 1969இலேயே மட்டக்குதிரைக்குக் குறைந்தபட்ச ஏற்றுமதி மதிப்பு வைத்துச் சட்டம் வந்தது. 2024இல் கொல்வதற்கான உயிர் ஏற்றுமதியையே தடைசெய்துவிட்டார்கள். யாரோ ஒருவர் வயலில் இரவோடு இரவாக விட்டுவிட்டுப் போவதும் உண்டு. 2015 சட்டப்படி நிலக்காரர் அறிவிப்புக் கொடுத்து நாலு வேலைநாள் காத்திருந்தால் போதும், அந்தக் குதிரையை அவர் ஏதாவது செய்யலாம். என் கண்ணெதிரே அப்படி வந்த குட்டிகளைத் தூக்கி நிறுத்த முடியாமல் போயிருக்கிறது. வலியில்லாமல் சுடப்பட்ட குட்டியை விட, ஜனவரிச் சேற்றில் மூன்று வாரம் பட்டினி கிடந்த குட்டிக்காகத்தான் நான் அதிகம் அழுதிருக்கிறேன்.

சவுத்தாம்ப்டன்: ஏலத்தைப் பார்க்க வரலாமா? உங்கள் செவலை எப்படி இருக்கிறது?

தாராளமாக வாங்க. பியூலி ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே களம். எல்லா ரயிலும் நிற்காது, பார்த்து ஏறுங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். குழந்தைகளைப் பட்டிக் கம்பிக்குள் கைவிட விடாதீர்கள்.

செவலை நன்றாக இருக்கிறான். தோள்வரை நான்கே கால் அடி. இன்றைக்கும் கவிழ்த்த வாளியைப் பார்த்தால் பக்கத்தில் வந்து நின்றுகொள்வான், நான் உட்காரும் வரைக்கும் நகர மாட்டான்.