வயரிங் சோதனை: கையெழுத்து போதாது, அளவு வேண்டும்

அன்புள்ள ஐயா,

மழைக்காலத்தில் மின்சாரம் தாக்கி இறப்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். வீட்டு வயரிங்கைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயமாகச் சோதிக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். அந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

நாங்கள் ஈரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீடு கட்டி முப்பது வருடமாவது இருக்கும். கிரைண்டரைத் தொட்டால் அம்மாவுக்குச் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னோம். செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டச் சொல்லுங்கள் என்றார். அவர் கீழ் வீட்டிலேயே குடியிருக்கிறார், நல்ல மனிதர். அதனால் மேற்கொண்டு பேசத் தயக்கமாக இருக்கிறது. நாங்கள் கூப்பிடும் வயர்மேன் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிலில் இருப்பவர். லைசென்ஸ் கிடையாது. ஆனால் நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வருவார்.

சோதனையைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும்? இன்னொரு அலுவலகம், இன்னொரு படிவம், இன்னொரு மாமூல். பணம் கொடுத்தவருக்குச் சான்று கிடைக்கும், கொடுக்க முடியாதவர் வீட்டில் இணைப்பைத் துண்டிப்பார்கள். எங்கள் வயர்மேன் போன்றவர்களின் பிழைப்பு போகும். வீட்டுக்காரர் செலவை வாடகையில் ஏற்றுவார். அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ள விட்டுவிடுவதுதானே சரி?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கு வருமுன் ஒன்று. அந்தக் கிரைண்டரை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சரிபார்க்கும்வரை மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த செருப்போடு நின்றால் மின்சாரம் உடல்வழியே தரையிறங்கும் பாதை ஓரளவு அடைபடும். ஆனால் கிரைண்டரின் மேல்தகட்டில் மின்சாரம் இருந்தபடியேதான் இருக்கும். அம்மா ஒரு கையைக் கிரைண்டரில் வைத்துக்கொண்டு மறு கையால் இரும்புக் குழாயைத் திறந்தால் செருப்புக்கு அங்கே வேலையில்லை. மின்சாரம் கையிலிருந்து கைக்கு, நெஞ்சின் குறுக்காகப் பாயும். இத்தனை நாளும் சுருக்கென்றதோடு நின்றது, தரையோ கையோ காய்ந்திருந்த அதிர்ஷ்டத்தால்தான்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன. கிரைண்டரின் மோட்டாரிலோ வயரிலோ கசிவு இருக்கிறது. அந்தக் கசிவை வாங்கிப் பூமிக்குள் இறக்கவேண்டிய எர்த் கம்பி வேலை செய்யவில்லை. முதல் கோளாறுக்கு ஒரு மெக்கானிக் போதும். இரண்டாவது, வீட்டின் சுவருக்குள் இருக்கிறது. உங்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாவற்றுக்கும் அது பொது.

எர்த் எப்படியெல்லாம் காணாமல் போகிறது என்பதை ஓர் உறவினர் வீட்டில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வயர்மேன் சமையலறை ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். சிவப்பும் கறுப்பும் அதனதன் முனையில் இறுக்கப்பட்டிருந்தன. பச்சைக் கம்பி மட்டும் நுனியில் டேப் சுற்றி, பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தது. இழுத்தார். கையோடு வந்துவிட்டது. ஒரு சாண் நீளம்தான் இருந்தது. போர்டைத் திறந்து பார்ப்பவர் பச்சை நிறத்தைக் கண்டு சமாதானமாகட்டும் என்று யாரோ செருகி வைத்த துண்டு அது. அடுத்த போர்டு இதைவிட மோசம். த்ரீ பின் சாக்கெட்டில், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு விரற்கடைக் கம்பித் துண்டால் இணைத்திருந்தார்கள். “எர்த் இல்லாத வீட்டில் இப்படிக் கொடுத்துவிடுவது உண்டு சார். ஷாக் அடிப்பது உடனே நின்றுவிடும்” என்றார் அவர்.

நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் மீட்டர் பெட்டியில் நியூட்ரல் கம்பி ஒருநாள் கழன்றுவிட்டால் என்ன ஆகும்? ஃபிரிட்ஜுக்குள் போன மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல், அந்தக் கம்பித் துண்டு வழியாக ஃபிரிட்ஜின் உடலுக்கு வந்து நிற்கும். வீட்டில் விளக்கு எரியாது, மின்விசிறி சுற்றாது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துத்தான் ஒருவர் இருட்டில் ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் தொடுவார். இப்படிப்பட்ட வேலையைச் செய்துவிட்டுப் போகிறவர் கெட்டவர் அல்லர். ஷாக்கை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். வீட்டுக்காரரும் திருப்தியாகப் பணம் கொடுத்தார். சுவருக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்க்கவேண்டிய மூன்றாவது ஆள் மட்டும் வரவேயில்லை. அந்த மூன்றாவது ஆளைத்தான் நான் கேட்கிறேன்.

“எம்.சி.பி. மாட்டியிருக்கிறோம், பயமில்லை” என்று பலர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் எம்.சி.பி. அது காப்பாற்றுவது கம்பியை, மனிதரை அன்று. ஈரமான உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடல்வழியே ஓடுவது 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளமாகப் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதை ஒரு சிறிய விளக்கு எரிவதாக எண்ணிச் சும்மா இருக்கும். மனிதரைக் காப்பாற்றுவது ஆர்.சி.டி. அல்லது ஆர்.சி.சி.பி. என்கிற வேறொரு கருவி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான வகையில் வித்தியாசம் 30 மில்லியாம்பியரைத் தொட்டால் 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். எர்த் இல்லாத வீட்டிலும், ஒருவர் தொட்ட கணத்தில் அது வேலை செய்யும். அதனால் எர்த் வேண்டாம் என்று ஆகிவிடாது. எர்த் சரியாக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே கசிவைக் கண்டு அது துண்டித்துவிடும். இதைப் பொருத்தும்படி நம் மின் வாரியமும் அறிவிப்புகள் வெளியிட்டிருக்கிறது. விலை ஒரு நல்ல மிக்ஸியைவிடக் குறைவு.

இனி உங்கள் கேள்வி. கட்டாயமாக்கலாமா என்று கேட்கிறீர்கள். சட்டப்படி அது ஏற்கெனவே கட்டாயம்தான். மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலேயே, இணைப்புள்ள மின் அமைப்புகளை 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைத் தவிர, வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்யவேண்டும் என்றும் இருக்கிறது. 2023இல் அந்த ஒழுங்குமுறைகளைப் புதுப்பித்தும் ஆயிற்று. நானறிந்த வீடுகளில் எதிலும் ஐந்தாண்டுச் சோதனைக்கென்று ஒருவர் வந்து கதவைத் தட்டியதில்லை. புது இணைப்புக்கு விண்ணப்பித்தபோது என் படிவத்தில் வயரிங் சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டவர் என் வீட்டை இன்றுவரை பார்த்ததில்லை. ஆகவே, நம்மிடம் இருப்பது சோதனை இல்லாத கட்டாயக் கையெழுத்து. நீங்கள் அஞ்சுகிற மாமூல் அந்தக் கையெழுத்தில்தான் குடியிருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது நேர்மையாகாது.

அதனால்தான் கையெழுத்துக்குப் பதிலாக அளவுகளைக் கேட்கவேண்டும் என்கிறேன். மெகர் என்ற கருவியை வைத்து 500 வோல்ட்டில் அளந்தால், மின்சாரம் கசியாமல் தடுக்கும் கம்பி உறையின் காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. எர்த்தின் தடை எத்தனை ஓம், ஆர்.சி.டி. எத்தனை மில்லி வினாடியில் துண்டித்தது என்பதையும் எழுதவேண்டும். எந்தத் தேதியில், யார், எந்தக் கருவியால் அளந்தார் என்பதும் அதில் இருக்கவேண்டும். பொய்யாக ‘சரி’ என்று எழுதியவரைப் பிடிக்க முடியாது. பொய்யாக ஓர் எண்ணை எழுதியவரைப் பிடிக்கலாம். மறுவாரம் வேறொருவர் அதே கருவியை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நூற்றில் சில வீடுகளை முன்னறிவிப்பின்றி மறு அளவை செய்தாலே போதும், பலர் ஒழுங்காக அளக்கத் தொடங்கிவிடுவார்கள். மாமூல் முற்றிலும் ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது இருப்பதைவிட அதற்கு இடம் குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜப்பானில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அங்கே வீடுகளின் மின் அமைப்பை 4 ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கவேண்டும். அந்தக் கடமை மின்சாரம் கொண்டுவந்து தரும் நிறுவனத்துடையது. பதிவு பெற்ற பாதுகாப்பு அமைப்புகளின் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. உள்ளே விட மறுக்கும் உரிமையும் வீட்டுக்காரருக்கு உண்டு. வெளியே இணைப்புக் கம்பியைச் சுற்றிக் கவ்வும் கசிவுமானி ஒன்றை வைத்தே கசிவை அளந்துவிட முடியும். 1 மில்லியாம்பியருக்கு மேல் போனால் எங்கே கசிகிறது என்று தேடுவார்கள். குறையிருந்தால் தெரிவிப்பார்கள். சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு.

நம்மூரில் மின் கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மீட்டர் பெட்டிக்கும் வருகிறார். அந்தப் பெட்டியருகே ஆண்டுக்கு ஒருமுறை கசிவுமானியோடு ஒருவர் வந்து நிற்பது ஆகாத காரியமா? இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டில் கசிவுமானி பூஜ்யம் காட்டக்கூடும். கசிந்த மின்சாரம் போக வழியின்றி, தொடப்போகும் கைக்காகக் காத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். ஆகவே வெளியிலிருந்து அளப்பது முதல் வடிகட்டல்தான். எர்த்தையும் ஆர்.சி.டி.யையும் உள்ளே போய்த்தான் பார்க்கவேண்டும்.

‘அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்கிறீர்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர் இதைச் சொன்னால் நான் கொஞ்சம் தயங்குவேன். அவரிடமும், வாரிய லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு இணைப்பில் மாட்டினால் மின்சாரம் எதிர்த்திசையில் லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும் என்று நினைவூட்டவேண்டியிருக்கும். வீட்டு மதிலோடு முடிந்துபோகும் விஷயமில்லை இது. ஆனால் நீங்கள் வாடகைக்கு இருப்பவர். சுவரைத் தோண்டும் உரிமை வீட்டுக்காரருக்கு, கிரைண்டரைத் தொடும் கை உங்கள் அம்மாவுடையது. முடிவெடுப்பவர் ஒருவர், ஆபத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்றாகிவிட்டபின் அவரவர் பார்த்துக்கொள்வது எங்கிருந்து வரும்? நல்ல மனிதர் என்று நீங்கள் சொல்லும் வீட்டுக்காரரிடமே உங்களால் இரண்டாவது முறை பேச முடியவில்லை. கட்டாயம் என்ற ஒன்று இருந்தால், கேட்கவேண்டிய சங்கடம் உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடும்.

அதனால் வாடகை வீடுகளில்தான் இதைத் தொடங்கவேண்டும். இங்கிலாந்தில் அப்படித்தான் செய்தார்கள். 2020இல் வந்த விதிப்படி, தனியார் வாடகை வீடுகளின் வயரிங்கை 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையின் பிரதியைக் குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள் கொடுக்கவேண்டும். குறையிருந்தால் பொதுவாக 28 நாளுக்குள் சரிசெய்யவேண்டும். தவறினால் உள்ளூராட்சி 30,000 பவுண்டுவரை அபராதம் விதிக்கலாம் என்று அப்போது வைத்தார்கள். அறிக்கை வாடகைக்காரரின் கையில் இருக்கிறது என்பதே இதில் முக்கியம்.

நம்மிடமும் இதற்கு ஓர் இடம் தயாராக இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், வீட்டின் உள், வெளி வயரிங்கைப் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட் போன்ற சிறு பழுதுகள்தான் குடியிருப்பவருடையவை. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதியவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பதிவோடு ஒரு பக்க அளவை அறிக்கையை இணைக்கச் சொன்னால் புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. வாடகை ஏறும் என்கிறீர்கள். ஏறினாலும் சிறிதுதான் ஏறும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் சொல்கின்றன. வயலிலும் தெருவிலும் இறப்பவர்களும் அதில் அடக்கம். வீட்டுக்குள் நடக்கும் சாவுகளையாவது இந்தச் சிறு செலவால் குறைக்க முடியும். குறை கண்ட வீட்டில் உடனே இணைப்பைத் துண்டிப்பதை நானும் ஏற்கமாட்டேன். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் அந்த ஒரு சர்க்யூட்டை மட்டும் நிறுத்தி, மற்றவற்றுக்குத் தவணை கொடுக்கவேண்டும். ஏழை வீடுகளில் ஆர்.சி.டி.யை வாரியமே பொருத்திக் கொடுக்கலாம்.

உங்கள் வயர்மேனைப் பற்றி. நடுராத்திரியில் வருகிற மனிதரை இழக்கும்படி நான் சொல்லமாட்டேன். கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று தமிழ்நாட்டில் ஒன்று நடக்கிறது. பெரிய பட்டம் கேட்பதில்லை, வயரிங் தொழிலில் பெற்ற அனுபவத்தைக் கேட்கிறது. அவரிடம் அதற்குக் குறைவில்லை. படிவம் நிரப்புவதும் அலுவலகம் ஏறி இறங்குவதும்தான் இவர்களைத் தடுத்து நிறுத்துகின்றன. நீங்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர், அந்த விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். உங்கள் போர்டுகளைத் திறந்து எர்த்தைப் பார்க்க அவரையே கூப்பிடுங்கள். அளவு எடுக்க மட்டும் மெகரும் எர்த் டெஸ்டரும் வைத்திருக்கும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரை வரவழையுங்கள். அவர் எழுதித் தருவதை ஒரு பிரதி எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னவருக்கு ஆபத்து இன்னதென்று தெரியாமல் இருந்திருக்கலாம். எண்ணைப் பார்த்தபின் அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.