கல்லணை டு பூம்புகார்: எந்த அடுப்பு?

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரிக் கரையோரமாக நடக்க, மண்ணெண்ணெய், பெட்ரோல், கேஸ் மூன்றிலும் எரியும் அடுப்பு ஐயாயிரத்துக்குள் கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்.ஆர், பிரைமஸ் மாதிரி பேர்பெற்ற கம்பெனி அடுப்பெல்லாம் அந்த விலைக்குப் புதிதாக வராது, சீன அடுப்புதான் அகப்படும். அதில் தப்பில்லை. ஆனால் வாங்கும் முன் உதிரி வாஷரும் ஜெட்டும் (எரிபொருள் பீய்ச்சும் சின்னத் துளை முனை) தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நம் பாட்டி வீட்டு பம்பு ஸ்டவ்தான் இது, கொஞ்சம் சிறிசு. பம்பு அடித்தும் காற்று ஏறவில்லையா, தோல் வாஷர் காய்ந்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். போன வருஷம் திருவையாறு தாண்டி ஒரு தோப்பில் எனக்கு இப்படித்தான் ஆனது, சோற்றுக்கு எடுத்துப்போன நல்லெண்ணெய்தான் காப்பாற்றியது.

ரேஷன் மண்ணெண்ணெயை நம்பிக் கிளம்பாதீர்கள். அது சூடேற நேரம் எடுக்கும், சட்டியெல்லாம் கரி வேறு. பெட்ரோல் வழியெல்லாம் கிடைக்கும், ஆனால் அடுப்போடு வரும் உலோக பாட்டிலில்தான் ஊற்ற வேண்டும், அதையும் கோடு வரைக்கும்தான், மேலே காற்றுக்கு இடம் வேண்டும். கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது. ஆடிக் காற்றில் போவதாக இருந்தால் தகர மறைப்பு கட்டாயம். கேஸ் சிலிண்டரோ எரிபொருள் பாட்டிலோ அந்த மறைப்புக்குள் வராமல் தள்ளி வையுங்கள், சூடேறினால் ஆபத்து.

சொல்லப்போனால் இந்த வழியில் டீக்கடை இல்லாத ஊர் குறைவு. காலைக் காப்பிக்கு மட்டும் என்றால் சின்ன கேஸ் அடுப்பே போதும், முதுகுக்கும் சுகம்.