வெட்டிய பிறகு ஆர்.சி.யில் எழுதிக்கொள்ள முடியுமா? ஷாஃப்ட் பைக்கைச் சாப்பராக்கும் முன்

கேள்வி: அப்பா பெயரில் 1967-ல் பதிவான பி.எம்.டபிள்யூ. ஆர்60/2 எங்களிடம் இருக்கிறது. செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ்; அதாவது பின் சக்கரத்தைச் சுழற்றுவது ஒரு தண்டு. அப்பா சென்ற ஆண்டு காலமானார். வண்டியைச் சாப்பராக (ஃபிரேமை வெட்டி நீளத் தோற்றம் கொடுத்த பைக்) மாற்ற ஒரு பட்டறையில் முன்பணம் கொடுத்துவிட்டேன். பின்பக்கம் ஹார்ட்டெயில் (சஸ்பென்ஷன் இல்லாத ஃபிரேம்), முன்னால் நீண்ட ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), அகல டயர், ஒற்றை சீட், சைலன்சர் இல்லாத பைப் என்பது திட்டம். வேலை முடிந்து 14 நாளில் ஆர்.டி.ஓ.வில் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். வண்டியைப் பிரித்துவிட்டார்கள், ஃபிரேமை இன்னும் வெட்டவில்லை. இது சரிதானா?

பதில்: சரியல்ல. ஃபிரேமை வெட்டவோ வெல்டிங் செய்யவோ கூடாது என்று இன்றே பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். தேதியோடு பதிவு இருக்க வேண்டும்.

14 நாள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52(3)-ல் அப்படி ஒரு கெடு உண்டு. ஆனால் அது மாற்றத்தைத் தெரிவிக்கும் கடமை; தடை செய்யப்பட்ட மாற்றத்தைச் சட்டப்படி ஆக்கும் வழி அல்ல. தடை பிரிவு 52(1)-ல் இருக்கிறது: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாநில விதிகளைக் காட்டி இந்தத் தடையைத் தாண்ட முடியாது.

உங்கள் திட்டத்தை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்), வெற்று எடை, இருக்கை எண்ணிக்கை, சேசிஸ் நம்பர் (ஃபிரேமில் பொறித்த எண்), இன்ஜின் நம்பர், நிறம் எல்லாம் அதில் பதியப்படும் விவரங்கள். நீண்ட ஃபோர்க் போட்டால் வீல்பேஸ் மாறும். ஒற்றை சீட் போட்டால் இரண்டு என்றிருக்கும் இருக்கை ஒன்றாகும். ஹார்ட்டெயில் என்பது கட்டமைப்பையே மாற்றுவது. பிரிவு 182ஏ(4)-ன்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சைலன்சரைக் கழற்றினால் பிரிவு 190(2) தனியாக வரும்: முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

வண்டியின் அமைப்பும் இந்தத் திட்டத்துக்கு இடம் கொடுக்காது. பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங்ஆர்மின் வலது குழாய்க்குள்தான் ஷாஃப்ட் ஓடுகிறது. முன்முனையில் யுனிவர்சல் ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சுழலும் மூட்டு), பின்முனையில் ஸ்ப்ளைன் கப்ளிங் (பல்வரிகளால் பொருந்தும் இணைப்பு), அதன்பின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் பல்சக்கரமான க்ரவுன் பினியன். நீளத்தைக் கூட்டினால் ஷாஃப்டை வெட்டி ஒட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். சற்றே கோணல் இருந்தாலும் அதிர்வு வந்து ஸ்ப்ளைன் தேயும், ஜாயின்ட் உடையும். அகல டயருக்கும் இடமில்லை, வலப்பக்கம் ஷாஃப்ட் குழாய் நிற்கிறது. செயினுக்கு மாற்றலாம் என்றால் கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டு வண்டியின் நீளவாக்கில் இருக்கிறது. ஸ்ப்ராக்கெட் மாட்ட அதை 90 டிகிரி திருப்பியாக வேண்டும். ஷாக் அப்சார்பருக்குப் பதில் இரும்புக் கம்பி மாட்டும் சுலப வழியைச் சிலர் சொல்வார்கள். வெட்டு இல்லை, திரும்ப மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் குழியின் அடி குறையாமல் ஃபிரேமிலும் ஸ்விங்ஆர்ம் அசையும் பிவட் பேரிங்கிலும் இறங்கும். சட்டப்படி அதுவும் மாற்றம்தான் என்பது என் கருத்து. விபத்து நடந்தால் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் இவை எல்லாம் உங்களுக்கு எதிரான சாட்சியாகும். உங்கள் வண்டிக்கான சேதத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உங்களிடம் திரும்பக் கேட்டு வரலாம்.

இந்த வண்டிக்கு இன்னொரு கதவு திறந்திருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர வாகனங்களை வின்டேஜ் வாகனமாகப் பதிய 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி செய்யப்பட்டது. உங்கள் வண்டி வயதில் தேறிவிட்டது. நிபந்தனை ஒன்றுதான்: அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. ஃபிரேமில் ஒரு வெட்டு விழுந்தால் இந்தத் தகுதி போய்விடும். படிவம் 20-ல் விண்ணப்பம்; புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, அதன்பின் மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட வின்டேஜ் எண் வரிசை புதிதாகப் பதிபவற்றுக்கு. அப்பா ஓட்டிய எண் அப்படியே நிற்கும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு இந்தப் பதிவு உதவாது; கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்பல் போன்றவற்றுக்கு மட்டுமே. இந்த மாடலில் இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் தொழிற்சாலையிலேயே ஒன்றாகப் பொறிக்கப்பட்டவை. இரண்டையும் ஒப்பிட்டு இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

முதலில் பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும் என்கிறது மத்திய விதி 56. உங்களுக்குக் கெடு கடந்துவிட்டது. தாமதக் கட்டணத்தோடு கொடுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஆர்.சி. காலாவதியாகியிருந்து, வண்டியைச் சாதாரணமாக ஓட்ட விரும்பினால் படிவம் 25-ல் புதுப்பிக்க வேண்டும். ஆய்வில் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். வெல்டிங்கில் அழிந்த எண், திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

சாப்பர் தோற்றத்தை விட மனமில்லை என்றால் நிறம் மாற்றலாம், அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்துகொண்டு. ஹேண்டில்பார், விளக்கு போன்ற போல்ட் கழற்றி மாட்டும் பாகங்கள் வரை நிறுத்திக்கொள்ளுங்கள். அசல் பாகங்களை எறியாதீர்கள். பின்னால் அமர்பவருக்கான கைப்பிடி, கால்தாங்கி, பின் சக்கரத் தடுப்பு மூன்றையும் மத்திய விதி 123 கேட்கிறது. சாப்பருக்காக முதலில் கழற்றப்படுவதும் இவைதான்.

முன்பணத்தைக் கேட்கும்போது அதுவரை செய்த வேலைக்கான தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி, எழுத்தில் கணக்கு வாங்குங்கள். வண்டியை எடுத்துவரும் நாளில் ஸ்விங்ஆர்ம், ஷாஃப்ட், கப்ளிங், க்ரவுன் பினியன் பெட்டி, அசல் முன் ஃபோர்க், இரு ஷாக் அப்சார்பர், பின் சக்கரம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே ரசீதில் கையெழுத்திடுங்கள்.