பிள்ளைக்கு நெறி கட்டியிருக்கிறது, ஜி.பி. பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்

இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, நான்கு வயது மகளுக்குக் காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கட்டி, ஜி.பி. (இங்குள்ள குடும்ப டாக்டர்) தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன்கூட எழுதாமல் அனுப்பிவிட்டார், பிரைவேட்டில் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நம் ஊரில் நெறி கட்டுவது என்பார்களே, அதுவாகத்தான் தெரிகிறது. என் மகனுக்கும் இங்கே நர்சரி சேர்ந்த முதல் குளிர்காலத்தில் கழுத்தில் வந்தது. சளி, தொண்டை வலி என்று மாறி மாறி வரும்போது கிருமியோடு சண்டை போட்டு நெறி வீங்கும். சளி போன பிறகும் வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் கையில் தட்டுப்படும். காதுக்குப் பின்னால் என்றால் தலையையும் பாருங்கள். இன்று குளிக்க வைக்கும்போது முடியைப் பிரித்து, பேன், சொறி, சொறிந்த புண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பேனுக்கு மருந்து பார்மசியிலேயே கிடைக்கும்.

ஊரில் என்றால் அன்று மாலையே ஸ்கேன் எடுத்திருப்போம். இங்கே முதலில் கையால் பார்ப்பார்கள். சின்னதாக, மெதுவாக, தொட்டால் நகர்கிற கட்டி, பிள்ளையும் நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறது என்றால் டெஸ்ட் எழுதுவதில்லை. அது அலட்சியம் இல்லை. ஆனால் பொறுத்துப் பார் என்றால் பார்க்கவும் வேண்டும். வாரம் ஒரு தடவை, நீங்கள் ஒருவரே தொட்டுப் பாருங்கள். சும்மா சும்மா அழுத்திக்கொண்டிருந்தால் வீக்கம் வடியாது. இங்குள்ள ஒரு பென்னி நாணயம் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். கட்டி அந்த அளவைத் தொட்டாலோ, கெட்டியாகி நகராமல் நின்றாலோ, இரண்டு வாரத்தில் கொஞ்சமும் குறையாவிட்டாலோ மறுபடி ஜி.பி.யிடம் போங்கள். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி வந்தாலோ, எடை குறைந்தாலோ, இரவில் உடை நனைய வியர்த்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் நீடித்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். கட்டி சிவந்து, சுட்டு, வலித்தால் அன்றே ஜி.பி.க்கோ, 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கோ போன் செய்யுங்கள். மூச்சு விடச் சிரமம், எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்றால் 999, ஆம்புலன்சுக்கான அவசர எண்.

ரிசப்ஷனில் "கட்டி இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் தேதி தள்ளிப் போகலாம். "பெரிதாகியிருக்கிறது, இரண்டு வாரம் ஆகிவிட்டது" என்று மாற்றத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை மறக்காதீர்கள். இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருக்கிறோம் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். டிபி கழுத்து நெறியிலும் வரும். விசாவுக்கான டிபி பரிசோதனையில் 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே எடுப்பதில்லை. வீட்டில் யாருக்காவது டிபி இருந்திருந்தாலோ, ஊரில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர்களுக்கு நாள்பட்ட இருமல் இருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர்கள் பார்க்கிற விதமே மாறும்.

பணமும் யோசியுங்கள். விசாவோடு பிள்ளைக்கு வருஷத்துக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் கட்டித்தானே வந்தீர்கள்? தேவைப்பட்டால் ஸ்கேனும் ஸ்பெஷலிஸ்டும் அதிலேயே அடக்கம்.

ஊரில் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடச் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் போடாதீர்கள். பிள்ளையின் தோல் வெந்துவிடும். அப்புறம் அந்தச் சிவப்பு, கட்டியால் வந்ததா, சுண்ணாம்பால் வந்ததா என்று டாக்டருக்கே தெரியாமல் போகும்.